கையெழுத்து போடுவதற்கு முன்

குழு: எங்கள் வீடு

வியாழன்

தம்பி, 6.42: [படம்]

தம்பி, 6.44: பின்னேரம் ஆபீசுக்குக் கூப்பிட்டு இந்தக் கடிதத்தைத் தந்தார்கள். வரும் 1ஆம் திகதியிலிருந்து தொழிற்சாலையில் தேயிலைத் தயாரிப்பைப் பார்க்கும் உதவி டீமேக்கர் வேலை எனக்கு இல்லை, ஸ்டோர் கிளார்க் வேலைதான். சம்பளம் 62,000இலிருந்து 48,000.

அக்கா ஹட்டன், 6.51: இரண்டு தடவை வாசித்தேன். “கடமையில் கவனயீனம்” என்று ஒரு வரிதான் இருக்கிறது. எந்த நாள், என்ன கவனயீனம், ஒன்றுமே இல்லையே. உன்னிடம் விளக்கம் கேட்டார்களா?

தம்பி, 6.53: இல்லை அக்கா. நேரே கடிதம்தான்.

தம்பி, 6.58: போன மாதம் இரண்டு இரவு அடித்த தேயிலை ஏலத்தில் விலை போகவில்லை. புழுங்கிப் போயிருக்கிறது என்று தரகர் எழுதியிருந்தார். இரண்டு இரவும் என் முறை. ஆனால் தூளைக் காயவைக்கும் டிரையர் சூடு ஏறவே இல்லை. வெளியேறும் காற்று 50 பாகைக்கு மேல் நிற்க வேண்டும், அன்று 44, 45தான். சூடு போதாவிட்டால் தூள் காயாது, உள்ளேயே வெந்துவிடும். டிரையர் அடுப்பைத் திருத்தச் சொல்லி அதற்கு முதல் வாரமே கேட்டிருந்தேன்.

பெரிய மாமா, 7.03: நிறுத்தி வைத்திருக்கவும் முடியாதே. ரோலில் அரைத்த கொழுந்து விடியும் வரை காத்திருக்குமா? தேயிலைத் தொழிற்சாலையில் ஒரு நாள் நின்றவனுக்குக்கூட இது தெரியும்.

அம்மா, 7.05: [குரல் செய்தி 1:12]

தம்பி, 7.07: அம்மா, அழாதீங்க. வேலை போகவில்லை.

அக்கா ஹட்டன், 7.10: அம்மா சொல்வது விளங்குகிறது. மனேஜர் துரையோடு முட்டினால் குவார்ட்டர்சை விட்டு இறங்கச் சொல்வார்கள், மகளுக்கு உயர்தரப் பரீட்சை வருகிறது, கிடைக்கிற சம்பளம் போதும் என்கிறார்கள். அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது. ஆனால் செய்யாத பிழையை இவன் ஏன் சுமக்க வேண்டும்?

மச்சான் கொழும்பு, 7.16: இப்போதுதான் பார்த்தேன். தம்பி, கடைசி வரியைக் கவனியுங்கள். “மேற்படி மாற்றத்தை ஏற்றுக்கொள்கிறேன்” என்று இருக்கிறது. கையெழுத்து போட்டுவிட்டீர்களா?

தம்பி, 7.17: இல்லை. நாளைக் காலை போட்டுக் கொண்டுவரச் சொன்னார்கள்.

மச்சான் கொழும்பு, 7.21: அப்படியே போடாதீர்கள். அந்த வரியை வெட்டிவிட்டு, “கடிதம் கிடைத்தது. இந்த மாற்றத்தை நான் ஏற்கவில்லை” என்று கைப்பட எழுதி, திகதி போட்டு, அதன் கீழே கையெழுத்து வையுங்கள். பிரதி ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும். ஒன்றும் சொல்லாமல் மூன்று நான்கு மாதம் குறைந்த சம்பளத்தை வாங்கினால், பிறகு நீங்களே சம்மதித்தீர்கள் என்பார்கள்.

சின்னக்கா நானுஓயா, 7.24: அந்த வேலையே வேண்டாம், எழுதிக் கொடுத்துவிட்டு வா தம்பி. இவ்வளவு அவமானப்பட்டு எதற்கு அங்கே நிற்க வேண்டும்?

மச்சான் கொழும்பு, 7.31: தயவு செய்து இராஜினாமா வேண்டாம். தொழில் நியாய சபை பெரும்பாலும் வேலையை விட்டு நீக்கிய வழக்குகளுக்கானது, அதற்கும் ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். தானாக விலகினால், விலக வைத்தார்கள் என்பதை நாம்தான் நிரூபிக்க வேண்டிவரும். வேலையில் இருந்துகொண்டே பதவி இறக்கத்தை எதிர்க்கலாம். 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின்படி இது ஒரு பிணக்கு. தொழில் திணைக்களத்தில் முறையிட்டால் இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். சரிவராவிட்டால் அமைச்சர் அதை நடுத்தீர்ப்புக்கு அனுப்பலாம்.

தம்பி, 7.35: வழக்கு என்று போனால் வருடக் கணக்காகுமே மச்சான். 14,000தானே, சமாளிக்கலாம் என்றும் தோன்றுகிறது.

மச்சான் கொழும்பு, 7.44: 14,000 மட்டும் இல்லை. வேலையை விட்டுப் போகும்போது கிடைக்கும் சேவைக்காலப் பணம் 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, கடைசியாக வாங்கிய சம்பளத்தை வைத்துத்தான் கணக்கு. மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதம். உங்களுக்கு 22 வருடம். பழைய சம்பளத்தில் 31,000 வீதம் 682,000. புதியதில் 24,000 வீதம் 528,000. உதவி டீமேக்கராக உழைத்த வருடங்களுக்கும் கிளார்க் கணக்கில்தான் காசு வரும். ஊழியர் சேமலாப நிதியில் உங்கள் 8 சதவீதம், அவர்களின் 12 சதவீதம், இரண்டும் குறையும். அது மட்டும் மாதம் 2,800.

பெரிய மாமா, 7.49: 22 வருட உழைப்பில் 154,000ஐ ஒரு கையெழுத்தில் எடுக்கப் பார்க்கிறார்கள்.

அக்கா ஹட்டன், 7.52: விசாரணையே வைக்கவில்லை என்று சொன்னாலே நாம் வென்றுவிடுவோமா?

மச்சான் கொழும்பு, 8.01: அதை மட்டும் நம்ப வேண்டாம். கம்பெனிகளில் விசாரணை வைக்கவில்லை என்பதாலேயே தண்டனை செல்லாது என்று ஆகிவிடாது. உண்மையில் பிழை செய்தாரா என்றும் பார்ப்பார்கள். ஆனால் நியமனக் கடிதத்திலோ தொழிற்சங்கம் கம்பெனியோடு செய்த கூட்டு ஒப்பந்தத்திலோ விளக்கம் கேட்க வேண்டும், குற்றப்பத்திரம் தர வேண்டும் என்று இருந்தால் அவர்கள் அதற்குக் கட்டுப்பட்டவர்கள். அதனால் இரண்டு பக்கமும் தயாராகுங்கள். அடுப்பைப் பற்றிச் சொன்னது வாயாலா, எழுத்திலா?

தம்பி, 8.03: டிரையர் லொக் புத்தகத்தில் எழுதினேன். மணிக்கு மணி சூடும் அதிலே இருக்கிறது. ஒரு பக்கத்தில் எஞ்சினியர் கையெழுத்தும் உண்டு.

பெரிய மாமா, 8.06: புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டு வந்துவிடாதே மருமகனே. ஒரு தாளும் கிழியக்கூடாது. அப்புறம் அதையே களவு என்று எழுதுவார்கள். நான் சங்கத் தலைவராக இருந்த காலத்தில் ஒருவருக்கு அப்படித்தான் நடந்தது, பாவம், அவர் பக்கம் இருந்த நியாயமே போய்விட்டது. எந்தத் திகதி, எந்தப் பக்கம் என்று குறித்துக்கொள். அந்தப் புத்தகத்தை விசாரணையில் வைக்கச் சொல்லிக் கடிதத்திலேயே கேள்.

வெள்ளி

தம்பி, 8.20: மச்சான் சொன்ன மாதிரி எழுதிக் கொடுத்தேன். சின்னத்துரை முகத்தைக் கூடப் பார்க்கவில்லை. பிரதியில் ஆபீஸ் முத்திரை வாங்கிவிட்டேன்.

அக்கா ஹட்டன், 8.22: நல்லது தம்பி. சாப்பிட்டாயா?

தம்பி, 12.35: சங்கத்து ஐயாவோடு பேசினேன். கூட்டு ஒப்பந்தப் பிரதி அவரிடம் இருக்கிறதாம். மனேஜருக்குக் கடிதம் எழுதித் தலவாக்கலையில் பதிவுத் தபாலில் போட்டேன். என்ன குற்றம், எந்த நாள், ஏன் என்னிடம் கேட்கவில்லை, லொக் புத்தகத்தோடு விசாரணை வையுங்கள், அதுவரை பழைய பதவியும் சம்பளமும் வேண்டும். இவ்வளவுதான் எழுதினேன். தபால் ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

மச்சான் கொழும்பு, 12.41: போதும். கோபமாக ஒரு வார்த்தையும் இல்லையே?

தம்பி, 12.42: இல்லை மச்சான். மூன்று தடவை எழுதி மூன்று தடவை கிழித்தேன்.

அக்கா ஹட்டன், 1.15: திங்கட்கிழமை நான் அரை நாள் லீவு போடுகிறேன். ஹட்டன் தொழில் திணைக்களத்துக்கு இரண்டு பேரும் போவோம். சம்பளத் துண்டுகள், இந்தக் கடிதம், உன் நியமனக் கடிதம், பதவி உயர்வுக் கடிதம், எல்லாம் கொண்டு வா.

தம்பி, 1.19: நியமனக் கடிதம்தான் எங்கே என்று தெரியவில்லை. லயத்திலிருந்து குவார்ட்டர்சுக்கு மாறும்போது தொலைந்திருக்கும்.

அம்மா, 3.48: [படம்]

அம்மா, 3.49: [குரல் செய்தி 0:19]

அக்கா ஹட்டன், 3.52: அப்பாவின் தகரப் பெட்டியிலா இருந்தது? இரண்டு கடிதமுமா அம்மா?

தம்பி, 3.55: இரண்டுமே இருக்கிறது அக்கா. பொலித்தீனில் சுற்றி வைத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை அம்மாவும் வருகிறார்களாம்.