ஜோகன்னஸ்பர்க்கின் உயரத்தில் கோழி உருளைக்கிழங்கு சூப்பை விரைவாகச் செய்வது எப்படி?

கேள்வி: லெனேசியாவுக்குப் புதிதாக வந்தவர்

அனைவருக்கும் வணக்கம். டர்பன் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்த நான், கணவரின் வேலை காரணமாக ஜோகன்னஸ்பர்க்கின் லெனேசியாவில் குடியேறியிருக்கிறேன். ஜூன், ஜூலை மாதங்களில் இங்கே அடிக்கும் குளிர் டர்பன்காரர்களுக்குப் பழக்கமில்லாதது. மாலையில் வீடு திரும்பியதும் பிள்ளைகளுக்குச் சுடச்சுட, வயிறு நிறையும்படி ஏதாவது கொடுக்க வேண்டும் என்பதால், எங்கள் ஆயா வைக்கும் கோழி உருளைக்கிழங்கு சூப்பையே வாரநாட்களில் செய்கிறேன். வெங்காயம், இஞ்சி, பூண்டு, தக்காளி ஆகியவற்றை வதக்கி, கோழியையும் கிழங்கையும் ஒன்றாகப் போட்டுத் தண்ணீர் ஊற்றி வேகவைப்பது அவர் முறை. டர்பனில் முக்கால் மணி நேரத்தில் இறக்கிவிடுவோம். இங்கோ, அதே நேரத்தில் கிழங்கின் நடுப்பகுதி வேகாமல் நிற்கிறது. அது வேகட்டும் என்று விட்டால் நெஞ்சுக்கறி நார்நாராகிவிடுகிறது. காரணம் என்ன? சோளமாவு கரைத்து ஊற்றாமலேயே சூப்பைக் கெட்டியாக்க வழி உண்டா?

பதில்: ஜோகன்னஸ்பர்க்கில் நெடுநாள் வசிப்பவர்

வணக்கம், தங்கையே. உங்கள் ஆயாவின் கைப்பக்குவத்தில் குறை எதுவும் இல்லை. ஊரின் உயரம்தான் மாறியிருக்கிறது. ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 300 மீட்டர் மேலே போகப் போகத் தண்ணீரின் கொதிநிலை ஏறக்குறைய ஒரு பாகை குறையும் என்பதால், கடலோர டர்பனில் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும் தண்ணீர் இங்கே 94 பாகையை ஒட்டியே கொதித்துவிடுகிறது. பானை தளதளவென்று கொதிப்பதைப் பார்த்து நாம் சூடு போதும் என்று நம்பிவிடுகிறோம். உண்மையில் அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் அந்தத் தண்ணீர் அதற்கு மேல் சூடாகாது, ஆவியாகி வற்றத்தான் செய்யும். ஆகவே நீரில் வேகும் எதற்கும் இங்கே நான்கில் ஒரு பங்கு வரை கூடுதல் நேரம் தேவைப்படலாம்.

இதைவிடப் பெரிய தடை தக்காளி என்பது என் கருத்து. கிழங்கின் செல்களைப் பிணைத்து வைத்திருக்கும் பெக்டின் கரைந்தால்தான் கிழங்கு மிருதுவாகும். புளிப்பு அந்தக் கரைவைத் தாமதப்படுத்தும். தக்காளி, எலுமிச்சை, புளி எதுவானாலும் கிழங்கு வெந்த பிறகே பானைக்குள் போக வேண்டும். டர்பனின் சூடு இந்தத் தாமதத்தை ஓரளவு ஈடுகட்டியது. இங்கே அந்த ஆறு பாகை இல்லாததால் தடை வெளிப்படையாகத் தெரிகிறது. மேலும், கிழங்கைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு மெல்லிய தீயில் சூடேற்றினால், 55 முதல் 60 பாகை வரையிலான சூட்டில் அது நெடுநேரம் தங்கும். அப்போது கிழங்கிலுள்ள ஒரு நொதி பெக்டினை இறுக்கிவிடும். பிறகு எவ்வளவு கொதித்தாலும் அது எளிதில் குழையாது. உருளைக்கிழங்கு சாலட்டுக்கு அது நல்லது, நமக்கு ஆகாது. நன்றாகக் கொதித்துக்கொண்டிருக்கும் சாற்றில் கிழங்கைப் போடுங்கள்.

பதில்: பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து

மேலே ஐயா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆயினும் தக்காளியை வதக்காமல் கடைசியில் பச்சையாகப் போட்டால் சூப்பில் பச்சை வாடை நிற்கும். அதைத் தனியே ஒரு சிறிய வாணலியில் எண்ணெய் பிரியும்வரை வதக்கி வைத்துக்கொண்டு, கிழங்கு வெந்ததும் சேர்த்தால் இரண்டு நோக்கமும் நிறைவேறும்.

ஐந்து பேருக்கு நான் செய்யும் அளவைச் சொல்கிறேன். எலும்போடு கூடிய தொடைக்கறி 800 கிராம், உருளைக்கிழங்கு 600 கிராம், தண்ணீர் ஒன்றரை லிட்டர். நெஞ்சுக்கறியை இந்தச் சூப்புக்கு நான் எடுப்பதே இல்லை. தொடையிலும் காலிலும் உள்ள இணைப்புத் திசு மெல்ல இளகிச் சாற்றுக்கு வழவழப்பைக் கொடுக்கும். பத்து நிமிடம் கூடுதலாகக் கொதித்தாலும் அந்தக் கறி வறண்டுபோகாது. பெரிய வெங்காயம் ஒன்றையும் இஞ்சி பூண்டையும் வதக்கி, ஒரு பட்டைத் துண்டு, கறிவேப்பிலை, நம் ஊர்ச் சமையலில் விடாமல் சேர்க்கும் தைம் என்னும் வாசனைத் தழை ஒரு கொத்து ஆகியவற்றுடன் கோழியைப் புரட்டி, கெட்டிலில் கொதிக்கவைத்த தண்ணீரை ஊற்றுங்கள். கொதிக்கும் நீரை ஊற்றுவதாலேயே கணிசமான நேரம் மிச்சமாகும்.

சோளமாவுக்கு மாற்று கிழங்கிலேயே இருக்கிறது. பாதிக் கிழங்கை ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கும், மீதியை அதைப்போல இரண்டு மடங்கு பெரிதாகவும் நறுக்குங்கள். சாறு மீண்டும் கொதி வந்ததும் இரண்டையும் ஒன்றாகப் போட்டு மூடி வைத்தால், பெரியவை வேகும்போது சிறியவை குழைந்திருக்கும். கரண்டியின் பின்புறத்தால் அவற்றைப் பானையின் ஓரத்தில் வைத்து மசித்துவிட்டால் சூப் தானாகவே கெட்டிப்படும். மிக்ஸியில் போட்டு அடிக்க வேண்டாம், மாவுச்சத்து உடைந்து பசைபோல் இழுக்கும். மிளகுத்தூளும் கொத்தமல்லித் தழையும் அடுப்பை அணைத்த பிறகுதான். பால் சேர்ப்பவர்கள் தீயை முற்றிலும் குறைத்துவிட்டுச் சேர்ப்பது நல்லது.

கிழங்கு மாவுத்தன்மை உடையதா என்று கடையில் தெரியாவிட்டால் வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். ஒரு பங்கு உப்பை 11 பங்கு தண்ணீரில் கரைத்துக் கிழங்கைப் போடுங்கள். மாவுக் கிழங்கு மூழ்கும், மெழுகுத்தன்மை உள்ளது மிதக்கும். இந்தச் சூப்புக்கு மூழ்குவதே ஏற்றது.

பதில்: டர்பனிலிருந்து

உப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லை. நம் நாட்டில் பைகளில் உறையவைத்து விற்கும் கோழித் துண்டுகளுக்குள் பெரும்பாலும் உப்புநீர் ஏற்றியிருப்பார்கள். 2016 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதிப்படி துண்டுகளில் அது 15 விழுக்காட்டையும், முழுக்கோழியில் 10 விழுக்காட்டையும் தாண்டக் கூடாது. அந்த அளவே சூப்பைக் கரிக்கவைக்கப் போதுமானது. ஆகையால் தொடக்கத்தில் உப்புப் போடாமல், கிழங்கை மசித்த பிறகு சுவைத்துப் பார்த்துப் போடுங்கள். உறைந்த துண்டுகளை முதல் நாள் இரவே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றி இளகவைத்தால் மாலையில் நேரம் வீணாகாது.

முட்டையிட்டு ஓய்ந்த முற்றல் கோழி கிடைத்தால் அதன் சுவையே தனி, ஆனால் அது வாரநாளுக்கு உரியது அன்று. கட்டாயம் அதுதான் வேண்டும் என்றால் குக்கரை எடுங்கள். உங்கள் ஊரிலும் குக்கருக்குள் ஏறக்குறைய 118 பாகை வரை சூடு ஏறும் என்பதால் உயரம் ஒரு பொருட்டே இல்லை. கோழி வெந்து, ஆவி அடங்கி, மூடியைத் திறந்த பிறகு கிழங்கைச் சேருங்கள். முதலிலேயே போட்டால் கரைந்துவிடும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றுத் தொடைக்கறியும் இரண்டு அளவுக் கிழங்கும் கொண்டு செய்தேன். தக்காளியைத் தனியே வதக்கிக் கடைசியில் சேர்த்தேன். கிழங்கு நடுவரை வெந்திருந்தது, பிள்ளைகள் இரண்டாவது முறையும் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமையே நிறையச் செய்து உறையவைத்துக்கொள்ளலாமா?

பதில்: பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து

கிழங்குத் துண்டுகளை உறையவைத்தால் இளகும்போது நீர் பிரிந்து பஞ்சுபோல் ஆகிவிடும். கோழியும் சாறும் மட்டும் உறையட்டும். அன்றன்று அதைக் கொதிக்கவைத்துப் புதுக் கிழங்கு போடுங்கள், அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சாறு ஆறட்டும் என்று இரவு முழுவதும் அடுப்பின்மேல் விட்டுவிடாமல், அகலமான பாத்திரங்களில் பிரித்து ஊற்றி இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள்.