சீசியத்தின் அரை ஆயுள் 30 ஆண்டு; புகுஷிமாவில் அளவு மட்டும் எப்படி இவ்வளவு இறங்கியது?

செம்பூர்_பாட்டி:
வணக்கம். மகளும் மருமகனும் 3 வயதுப் பேத்தியோடு ஜப்பானில் புகுஷிமா மாநிலத்துக் கோரியமா நகரத்துக்குக் குடிபோயிருக்கிறார்கள். பேத்தி பூங்கா மண்ணில் புரண்டு விளையாடும் படம் வந்த நாளிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. பூங்காவில் கதிர்வீச்சு காட்டும் கருவி நிற்கிறதாம், "ரொம்பக் குறைவும்மா" என்கிறாள் மகள். ஆனால் அங்கே அணு உலை விபத்து நடந்தது 2011 மார்ச்சில். அதில் வெளிவந்த கதிரியக்கப் பொருளான சீசியம் 137க்கு அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 30 ஆண்டு. பெரும்பகுதி இன்னும் இருக்கத்தானே வேண்டும்? மண்ணுக்குள் இறங்கிவிட்டது என்றால் கிணற்றுக்குப் போகாதா?

மண்மாதிரி_மாட்டுங்கா:
அம்மா, வேலையில் இருந்த காலமெல்லாம் மண் எடுத்து, அதிலிருந்து வரும் காமா என்ற ஊடுருவும் கதிர்களை எண்ணியவன் நான். உங்கள் கணக்கில் சீசியத்தின் இன்னொரு வகையான சீசியம் 134 விட்டுப்போயிற்று. அதன் அரை ஆயுள் 2 ஆண்டுதான். புகுஷிமாவில் இரண்டும் ஏறக்குறையச் சமமாக வெளிவந்தன. 134 கூடுதல் காமாவை விடுவதால், தொடக்கத்தில் சீசியத்திலிருந்து வந்த கதிர்வீச்சில் முக்கால் பங்கு அதனுடையது. 10 ஆண்டில் அது கிட்டத்தட்டத் தீர்ந்துபோனது. மண்ணை யாருமே தொடாமலிருந்தாலும் அளவு கால் பங்குக்கு வந்திருக்கும்.

அப்புறம் மண். விழுந்த புதிதில் சீசியம் வாசலில் தூவிய கோலமாவு போல மேலேயே கிடக்கும். இடுப்பு உயரத்தில் கருவியைப் பிடித்தால் காலடி மண் மட்டுமல்ல, பல மீட்டர் தள்ளியிருக்கும் மண்ணும் அதில் தெரியும். மழை அதை 2, 3 செ.மீ. உள்ளே தள்ளிவிட்டால், தள்ளியிருக்கும் இடங்களிலிருந்து சாய்வாக வரும் காமா அதிக மண்ணைக் கடந்தாக வேண்டும், வழியிலேயே பெரும்பாலும் அடங்கிவிடும். சீசியம் அந்த மண்ணிலேயே இருந்தும் கருவியில் எண் இறங்குவது இதனால்தான்.

கிணற்றுப் பயம் வேண்டாம். களிமண்ணில் அப்ரகம் போன்ற மெல்லிய தகடுகள் உண்டு, அவற்றின் ஓரம் சீசியத்தைப் பிடித்தால் விடாது. 1950, 60களின் அணுகுண்டுச் சோதனைகளில் விழுந்த சீசியம்கூட உழாத நிலத்தில் இன்னும் பெரும்பாலும் மேல் ஒரு சாணுக்குள்தான் இருக்கிறது. குழாயை இறக்கி எடுத்த மண்ணை 2 செ.மீ. துண்டுகளாக நறுக்கி, காயவைத்து எண்ணுவோம். ஒவ்வொரு முறையும் மேல் துண்டுகளில்தான் நிறைய வரும், எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பாக இருக்கும். மண் அரிப்பை அளப்பவர்கள் இந்தச் சீசியத்தையே அடையாளமாக வைத்துக்கொள்கிறார்கள். மேலேயே நிற்பதால்தான் அங்கே மைதானங்களில் மேல்மண்ணைச் சுரண்டி எடுத்ததும் பலன் தந்தது. அந்த மண் ஒகுமா, ஃபுதாபா ஊர்களில் சேர்த்துவைக்கப்பட்டிருக்கிறது. 2045க்குள் மாநிலத்துக்கு வெளியே கொண்டுபோக வேண்டும் என்பது சட்டம்.

நாஞ்சில்_அந்தேரி:
அம்மா, கருவியில் என்ன எண் என்று கேளுங்கள். அங்கே மண்ணைச் சுத்தம் செய்ய வைத்த எல்லை மணிக்கு 0.23 மைக்ரோசீவர்ட் (உடலில் ஏறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). எனக்கு ஊர் மணவாளக்குறிச்சி. எங்கள் கருமணலில் மோனசைட் என்ற கனிமம் உண்டு, அதில் தோரியம் என்ற கதிரியக்க உலோகம். அங்கே தரையிலிருந்தே காமா வரும், அதில் ஓடியாடித்தான் நான் வளர்ந்தேன். உங்கள் மும்பைச் செம்பூர்த் தரையோ எரிமலைக் குழம்பு உறைந்த பாறை, இயற்கையிலேயே குறைவு. அதனால் மும்பையோடு மட்டும் ஒப்பிட்டுப் பயப்படாதீர்கள்.

செம்பூர்_பாட்டி:
0.09 காட்டுகிறதாம். இரண்டு பேருக்கும் நன்றி. பூங்காவை ஒட்டி ஒரு சின்னக் காடு இருக்கிறது, அதற்குள் போகலாமா?

மண்மாதிரி_மாட்டுங்கா:
0.09 நல்ல எண் அம்மா, மண்ணில் விளையாடட்டும். காட்டில்தான் கவனம் வேண்டும். வீடுகளை ஒட்டிய 20 மீட்டர் அளவுக்கே காடுகளைச் சுத்தம் செய்தார்கள். உள்ளே சருகுக்கும் அதன் அடி மண்ணுக்கும் இடையில் சீசியம் சுற்றிக்கொண்டே இருக்கும். மழைநீர் வண்டலைக் கொண்டுவந்து சேர்க்கும் சாக்கடை ஓரம், கூரைத் தண்ணீர் விழும் மூலை, இங்கெல்லாம் அளவு கூடலாம். நடந்து வந்தால் ஒன்றுமில்லை. உட்கார்ந்து சருகைக் கிளற விட வேண்டாம். காட்டுக் காளான் மட்டும் வீட்டுக்கு வரவே கூடாது என்று மகளிடம் சொல்லுங்கள்.