விக்டர் சோய்: 1990-ல் இறந்த ரஷ்யப் பாடகரை இன்னும் ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்?

மணல்வீடு:
போன வாரம் யூடியூப் தானாகவே ஒரு பாட்டைப் போட்டது. கினோ என்று ஒரு ரஷ்ய ராக் குழு. ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் அந்த ஏற்ற இறக்கமில்லாத குரலும் விடாமல் ஓடும் கிடாரும் மூன்று நாளாக மண்டையைவிட்டு இறங்க மாட்டேன் என்கின்றன. தேடினால், பாடியவர் விக்டர் சோய், 28 வயதிலேயே இறந்துவிட்டார். ஆனால் கீழே கமென்ட் முழுக்க 'சோய் உயிரோடு இருக்கிறார்'! யார் இவர்? அரசாங்கத்தை எதிர்த்ததால் தீர்த்துக்கட்டிவிட்டார்களா? எந்த ஆல்பத்தில் தொடங்கலாம்?

பழைய_கேசட்:
தீர்த்துக்கட்டினார்கள் என்பதெல்லாம் டீக்கடைக் கதை. 1990 ஆகஸ்ட் 15, லாத்வியாவில் துகும்ஸ் பக்கம், மீன் பிடித்துவிட்டுத் திரும்பும்போது அவர் ஓட்டிவந்த மாஸ்க்விச் கார் எதிரே வந்த இகாருஸ் பஸ்ஸில் மோதியது. ஓட்டும்போதே கண் அசந்துவிட்டார் என்பதுதான் விசாரணை முடிவு.

பிறந்தது லெனின்கிராடில் (இன்றைய பீட்டர்ஸ்பர்க்), 1962. அப்பா கொரிய வம்சாவளி இன்ஜினியர், அம்மா ரஷ்யர், பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை. ஓவியப் பள்ளியில் சேர்ந்து, வெளியேற்றப்பட்டு, பிறகு தொழிற்பள்ளியில் மரச்செதுக்கு வேலை கற்றுக்கொண்டார். அப்போது ராக் பாடுகிறவர்களுக்கு ஒலிப்பதிவு நிறுவனம் ஏது, இருந்த ஒரே கம்பெனி அரசாங்கத்துடையது. 1981-ல் லெனின்கிராட் ராக் கிளப் திறந்தார்கள், மேடை கிடைத்தது, ஆனால் பாட்டு வரிகளை முன்கூட்டியே காட்டி முத்திரை வாங்க வேண்டும். 1982-ல் வந்த முதல் ஆல்பத்துக்குப் பெயர் '45', கிட்டத்தட்ட அத்தனை நிமிடம் ஓடுகிறது என்பதால். அதைப் பதிவு செய்தது சிறுவர்களுக்குத் தொழில்நுட்பம் கற்றுத்தரும் ஒரு மாளிகையில், ஆந்த்ரேய் த்ரோபில்லோ நடத்திய ஸ்டுடியோவில். 'அக்வாரியம்' குழுவின் போரிஸ் கிரேபென்ஷிகோவ்தான் கூட இருந்து உதவினார். கடைக்கு எதுவும் போகவில்லை. ஒருவர் டேப்பிலிருந்து இன்னொருவர் டேப்புக்கு, அங்கிருந்து அடுத்தவருக்கு என்று நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தது. நாமும் கேசட்டில் பாட்டு ஏற்றிக் கேட்டவர்கள்தானே, ஆறாவது நகலில் குரல் எப்படிக் கேட்கும் என்று சொல்லவா வேண்டும்.

நெவாக்கரை:
நான் பீட்டர்ஸ்பர்கில் மருத்துவம் படித்தவன். ஹாஸ்டலில் யார் கையில் கிடார் கிடைத்தாலும் முதலில் வருவது கினோ பாட்டுத்தான், நாலு கார்டு (chord) தெரிந்தால் போதும் என்பதும் ஒரு காரணம். சோய் நிலக்கரி அள்ளிப்போட்ட கொதிகலன் அறை அங்கே இருக்கிறது, ப்ளோகின் தெருவில், பெயர் 'கம்சாத்கா'. இப்போது கிளப்பும் அருங்காட்சியகமும். முதல் தடவை போனபோது இவ்வளவுதானா என்றிருந்தது. சுவரெல்லாம் கிறுக்கல், கீழே இறங்கினால் சின்ன அறை.

பிரபலமான பாடகர் ஏன் கரி அள்ளினார் என்று கேட்காதீர்கள். அப்போதைய சோவியத் நாட்டில் வேலையில்லாமல் இருப்பதே குற்றம், 'ஒட்டுண்ணி' என்று கேஸ் போடுவார்கள். அதனால் பாடகர்களும் கவிஞர்களும் காவல்காரர், கொதிகலன் ஆள் என்று ஏதாவது வேலையில் பெயரைப் பதிந்துவிட்டு மீதி நேரத்தில் பாட்டு எழுதினார்கள்.

தெருவிளக்கு:
அரசியல் இல்லை என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது சார். 1987-ல் வந்த 'அஸ்ஸா' படத்தின் கடைசிக் காட்சியைப் பாருங்கள். ரெஸ்டாரண்டில் பாட வந்த சோய்க்கு ஒரு அம்மா விதிமுறைகளை வரிசையாக வாசிக்கிறார், அவர் பதில் பேசாமல் எழுந்து போய் மேடையில் நின்று 'மாற்றம் வேண்டும்' என்று பாடத் தொடங்குகிறார், அந்த அம்மா வாசித்துக்கொண்டே இருக்கிறார். கேமரா திரும்பினால் எதிரே ஆயிரக்கணக்கில் கூட்டம். 2020-ல் பெலாரூஸில் இதே பாட்டைப் பொது நிகழ்ச்சியில் ஒலிக்கவிட்டதற்காக இரண்டு டிஜேக்களைப் பத்து நாள் உள்ளே வைத்தார்கள்.

பழைய_கேசட்:
அது பாட்டைக் கேட்டவர்களின் அரசியல் நண்பரே. அவரே அதைப் போராட்டப் பாட்டு இல்லை என்றுதான் சொன்னார். அதில் பாதி சமையலறையில் உட்கார்ந்து சிகரெட்டும் டீயுமாக இருப்பதைப் பற்றியது.

தெருவிளக்கு:
சரி, எழுதியவர் கையைவிட்டுப் போன பாட்டு அப்புறம் யாருடையது என்பதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை :)

மணல்வீடு:
எல்லோருக்கும் நன்றி. சண்டை நடக்கட்டும், எதில் தொடங்குவது என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்!

நெவாக்கரை:
'ரத்த வகை', 1988. வேறு யோசனையே வேண்டாம். அவர்களுடைய டிரம்மர் குர்யானோவின் வீட்டில், நாலு டிராக் மட்டுமே உள்ள மெஷினில் பதிவு செய்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். அது பிடித்தால் 1989-ல் வந்த 'சூரியன் எனும் நட்சத்திரம்'. கறுப்பு ஆல்பத்தைக் கடைசிக்கு வையுங்கள். விபத்துக்கு முன்னால் அந்தக் கோடையில் சோயும் கிடார்காரர் கஸ்பர்யானும் லாத்வியாவில் மாதிரிக்குப் பதிந்த டேப்பில் இருந்த குரலை வைத்து, மற்றவர்கள் அவர் இல்லாமல் வாசித்து முடித்த ஆல்பம் அது. பெயர் வைக்க ஆள் இல்லை, வெறும் கறுப்பு அட்டை. நான் இரவில் போடுவதில்லை.

மாஸ்கோ போனால் அர்பாத் தெருவில் சோய் சுவர் இருக்கிறது. நீங்கள் பார்த்த அந்தக் கமென்ட் முதலில் பெயிண்டில் எழுதப்பட்டது அந்த மாதிரிச் சுவர்களில்தான். சிகரெட்டைப் பாதி உடைத்து அவருக்காக அங்கே வைத்துவிட்டுப் போவார்கள். நான் புகைப்பதில்லை, பக்கத்தில் நின்றவரிடம் ஒன்று கேட்டு வாங்கி வைத்தேன்.