எதிர்வீட்டு டிரக்கில் ஒரு சிவப்புக் கொடி

கேள்வி: அமெரிக்காவில் தெற்கு கரோலினா மாநிலத் தலைநகர் கொலம்பியாவுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. எதிர்வீட்டு பிக்கப் டிரக்கில் சிவப்புக் கொடி ஒன்று ஒட்டியிருக்கிறது. நீலப் பெருக்கல் குறி, உள்ளே வெள்ளை நட்சத்திரங்கள். தெற்கு கரோலினா கொடி என்று நினைத்து அலுவலகத்தில் கேட்டேன், பக்கத்தில் இருந்தவரின் முகம் மாறிவிட்டது. தவறாக ஏதும் கேட்டுவிட்டேனா?

பதில்: தம்பி, கேட்டதில் தப்பே இல்லை. மாநிலக் கொடியில் பனைமரமும் பிறையும் இருக்கும். நீங்கள் பார்த்தது கான்ஃபெடரேட் படையின் போர்க்கொடி. அமெரிக்காவிலிருந்து 11 தென் மாநிலங்கள் பிரிந்துபோய் 1861 முதல் 1865 வரை போரிட்டன. அந்தப் போரில் பறந்த கொடி.

அதை வைத்திருப்பவர்களில் பலர், "எங்கள் முன்னோர் இந்த மண்ணுக்காகச் செத்தார்கள், இது பரம்பரைப் பெருமை, வெறுப்பு இல்லை" என்பார்கள். மனதாரத்தான் சொல்வார்கள். ஆனால் பிரிவுக்குக் காரணமாகத் தெற்கு கரோலினா 1860-இல் எழுதிவைத்த அறிக்கையில் திரும்பத் திரும்ப வருவது அடிமை முறைதான். போர் முடிந்ததோடு கொடியும் போய்விடவில்லை. 1948-இல் இனப் பிரிவினையை ஆதரித்துத் தேர்தலில் நின்றவர்கள் அதை ஏந்தினார்கள். கறுப்பின மக்கள் சம உரிமைக்குப் போராடிய 1960-களின் தொடக்கத்தில் இதே கொலம்பியாவில் சட்டமன்றக் கட்டடத்தின் உச்சியில் ஏற்றினார்கள். 2000-இல் அங்கிருந்து இறக்கி, வளாகத்துக்குள்ளேயே வேறு கம்பத்தில் பறக்கவிட்டார்கள்.

2015 ஜூன் 17 அன்று இதே மாநிலத்தின் சார்ல்ஸ்டன் நகரில் ஒரு தேவாலயத்துக்குள் வேதபாடத்துக்கு வந்திருந்த ஒன்பது கறுப்பினத்தவரை ஒருவன் சுட்டுக் கொன்றான். அவன் இந்தக் கொடியோடு எடுத்துக்கொண்ட படங்கள் வெளிவந்தன. பத்து நாளில் பிரீ நியூசம் என்ற பெண் அந்தச் சட்டமன்ற வளாகக் கம்பத்தில் ஏறிக் கொடியைக் கழற்றினார். உடனே கைது செய்தார்கள், கொடியும் மறுபடி ஏறியது. ஜூலை 10-இல் அரசே இறக்கியது. அதற்கான சட்டத்தில் கையெழுத்திட்ட ஆளுநர் நிக்கி ஹேலி, இந்தியாவிலிருந்து வந்த பஞ்சாபிப் பெற்றோரின் மகள்.

என்னோடு வேலை பார்த்த ஒரு கறுப்பின அம்மா சொன்னார்: சின்ன வயதில் நெடுஞ்சாலையில் போகும்போது எந்த பெட்ரோல் நிலையத்தில் இந்தக் கொடி தெரிந்தாலும் அவர் அப்பா வண்டியை நிறுத்த மாட்டாராம், டேங்க் காலியாக இருந்தாலும். அதைக் கேட்ட பிறகு எனக்கு அது வெறும் பரம்பரைப் பெருமையாகத் தெரியவில்லை.

சொந்த வீட்டில், சொந்த வண்டியில் யாரும் அதை வைத்துக்கொள்ளலாம். பேச்சுரிமையில் அடங்கும், போலீஸ் தலையிடாது. எதிர்வீட்டுக்காரரைப் பார்த்தால் வணக்கம் சொல்லுங்கள், கொடியை வைத்து வாதத்துக்குப் போக வேண்டாம். ஆனால் கடையில் அழகாக இருக்கிறதே என்று அந்தப் படம் போட்ட தொப்பியோ பனியனோ வாங்கி ஊருக்கு அனுப்பிவிடாதீர்கள்.

இன்னொரு பதில் (அட்லாண்டாவிலிருந்து): அண்ணா சொன்னதில் ஒன்று மட்டும் எனக்கு ஒப்பவில்லை. வணக்கம் சொல்லலாம், சரி. ஆனால் வாடகைக்கு வீடு பார்க்கும்போது பக்கத்து வீட்டில் அந்தக் கொடி பறந்தால் நான் எடுக்க மாட்டேன். என் பெண்ணின் உயிர்த்தோழி கறுப்பினச் சிறுமி. எங்கள் வீட்டுக்கு விளையாட வருகிற குழந்தை அதைக் கடந்து வர வேண்டாம்.