மூடியைத் திறந்தால் தண்ணீர் நிற்கிறது: வீட்டில் கிரீம் செய்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வடசேரிக்காரி:
மைனியின் (மதினியின்) வளைகாப்பு முடிந்து மூன்று மாதம் ஆகிறது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. தேன்மெழுகு, உருக்கெண்ணெய் (தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எடுக்கும் எண்ணெய்), பன்னீர் மூன்றையும் சேர்த்து அடித்து, சின்னக் கண்ணாடிக் குப்பியில் அடைத்துக் கொடுத்தேன். செய்த அன்று வெண்ணெய் மாதிரி இருந்தது. நாலாம் நாள் வளைகாப்பு. வந்தவர்கள் எல்லாரும் பார்த்திருக்க மைனி மூடியைத் திறந்தாள். நடுவில் மஞ்சளாக ஒரு கட்டி, சுற்றிப் பன்னீர் குளம் கட்டி நிற்கிறது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. விரலால் ஒருமுறை கிண்டிப் பார்த்தாள், மூடினாள், முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். எனக்காக மறைத்தாள் என்பது எனக்குத் தெரியும். அப்புறம் மெழுகைக் கூட்டிச் செய்து பார்த்தேன். தண்ணீர் அப்போதும் கசிந்தது, முகத்தில் தடவினால் மெழுகுவர்த்தி போல இழுத்தது. இதற்கு வழி உண்டா?

குளச்சல் அம்மா:
எனக்குத் தண்ணீர் பிரியவில்லை, ரவை விழுந்தது. ஷியா பட்டரும் (ஷியா கொட்டையில் எடுக்கும் கொழுப்பு) எண்ணெயும் மட்டும் உருக்கி எடுத்தது. இடவப்பாதி மழை, கரன்ட் இல்லை. இறக்கி வைத்த பாத்திரத்தை மறந்து தூங்கிவிட்டேன். காலையில் பள்ளிக்கூடம் போகிற அவசரத்தில் மகள் கன்னத்தில் தேய்த்தேன். “அம்மா, கடற்கரை மண்ணையா தேய்க்கிற?” என்று கேட்டுக் கன்னத்தைப் பொத்திக்கொண்டாள். சிவந்தே போய்விட்டது. ஷியாவில் இருக்கும் கொழுப்புகள் ஒரே சூட்டில் உறைவதில்லை. மெதுவாக ஆறவிட்டால் ஒன்று முந்திக்கொண்டு மணி மணியாக நிற்கும். மறுபடி முழுசாக உருக்கி, பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்து, கெட்டியாகும் வரை கிண்டினேன். அதற்குப் பிறகு ரவை வரவில்லை. மகள்தான் இன்னும் என் கையைப் பார்த்தால் முகத்தைத் திருப்புகிறாள்.

மார்த்தாண்டம் தேன்பெட்டி வீடு:
வடசேரி அக்கா, மெழுகின்மேல் குற்றம் இல்லை. ரப்பர் தளிர் விடுகிற மாசியில் அப்பா தேன் எடுக்கும்போது அடையை உருக்கி வடிகட்டுவது என் வேலை, அதனால் சொல்கிறேன். தேன்மெழுகு கெட்டி கொடுக்கும். தண்ணீரையும் எண்ணெயையும் பிடித்துவைக்கிற சக்தி அதற்குத் தனியாகக் கிடையாது. பழைய கோல்டு கிரீமில் கூடவே வெங்காரம் (போராக்ஸ்) போடுவார்கள். மெழுகிலுள்ள அமிலமும் வெங்காரமும் சேர்ந்து ஒருவகை சோப்பாகிறது, அந்தச் சோப்புதான் இரண்டையும் பிடிக்கிறது. வெங்காரம் கரைத்த சூடான தண்ணீரை எண்ணெயில் ஊற்றின நொடியில் எல்லாம் பால்போல வெளுத்ததே, அந்த வெளுப்பை நான் மறக்க மாட்டேன். ஆனால் அதை அத்தையின் வெடித்த குதிகாலில் தடவினேன். எரிகிறது என்று அழுதுவிட்டாள். வெடிப்பிலும் புண்ணிலும் குழந்தைக்கும் வெங்காரம் ஆகாது என்று அப்புறம்தான் தெரிந்தது.

தக்கலை:
தெரிந்த பிறகும் வெங்காரத்தைப் பற்றி இங்கே எழுதினால் நாலு பேர் செய்து பார்ப்பார்கள். தயவுசெய்து வேண்டாம். எனக்கு நடந்தது இரண்டே வரி: கொல்லையில் பறித்த கற்றாழைச் சோற்றை அரைத்துக் கிரீம் செய்தேன், எட்டாம் நாள் மூடியின் உட்புறம் கறுப்புப் புள்ளிகள். அதற்கு முந்தின நாள் வரை அம்மா அதைத்தான் தடவியிருந்தாள்.

வடசேரிக்காரிக்குச் சொல்கிறேன். கரண்டிக் கணக்கை விடுங்கள், சின்னத் தராசு வாங்குங்கள். 100 கிராமுக்கு: காய்ச்சி வடித்த தண்ணீர் 69.8, கிளிசரின் 4, சாந்தன் கம் (கெட்டியாக்கும் பசைப்பொடி) 0.2, எண்ணெய் 17, எமல்சிஃபையிங் வேக்ஸ் (தண்ணீரையும் எண்ணெயையும் பிடித்துவைக்கிற மெழுகு) 6, செட்டைல் ஆல்கஹால் (கெட்டி கொடுக்கும் மெழுகுபோன்ற பொருள்) 2, பிரிசர்வேட்டிவ் (கிருமி வளராமல் தடுப்பது) 1. சாந்தன் கம்மை நேராகத் தண்ணீரில் போட்டால் கட்டி பிடிக்கும், முதலில் கிளிசரினில் குழையுங்கள். எண்ணெய்ப் பக்கத்தையும் (எண்ணெய், வேக்ஸ், செட்டைல் ஆல்கஹால்) தண்ணீர்ப் பக்கத்தையும் (தண்ணீர், கிளிசரினில் குழைத்த கம்) தனித்தனியாக 70–75 டிகிரிக்குச் சூடாக்குங்கள். இரண்டும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஆறின பன்னீரைச் சூடான மெழுகில் ஊற்றினால் மெழுகு அங்கேயே உறைந்துவிடும், உங்களுக்கு அதுவும் நடந்திருக்கும். இரண்டையும் சேர்த்து, கைப்பிளெண்டரை நிறுத்தி நிறுத்திக் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டுங்கள். அதன் தலையை வெளியே தூக்கினால் காற்று ஏறி நுரைத்துப்போகும். அப்புறம் கையால் ஆறும் வரை கிண்டுங்கள். பாதியில் நிறுத்தினாலும் பிரியும்.

40 டிகிரிக்கு இறங்கின பிறகு பிரிசர்வேட்டிவ். பிரிசர்வேட்டிவாகப் போடும் பினாக்சிஎத்தனால் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அது தனியாக இருந்தால் பூஞ்சணத்தை முழுசாக அடக்காது, எத்தில்ஹெக்சைல்கிளிசரின் கலந்ததாகப் பார்த்து வாங்குங்கள். வைட்டமின் ஈ போட்டால் எண்ணெய் காறாமல் இருக்கும், ஆனால் அது கிருமியைத் தடுக்காது. இதை எத்தனை பேரிடம் சொல்லிவிட்டேன்!

குலசேகரம்:
எங்கள் அம்மச்சி தொண்ணூறு வயதுவரை உருக்கெண்ணெய்தான் தேய்த்தாள், எந்த மருந்தும் சேர்க்கவில்லை. பூசணமும் வரவில்லை. வீட்டில் செய்கிறதே மருந்து வேண்டாம் என்றுதானே?

தக்கலை:
அம்மச்சியின் எண்ணெயில் தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லாத இடத்தில் கிருமி வளராது. பன்னீர் சேர்ந்துவிட்டால் கணக்கே வேறு. பிரிட்ஜில் வைத்தாலும் தள்ளிப்போடலாமே தவிர நிறுத்த முடியாது.

குலசேகரம்:
சரி, அது நியாயம். என் கதையையும் சொல்லிவிடுகிறேன். தேங்காய் எண்ணெயும் தேன்மெழுகும் மட்டும் சேர்த்து இருபது டப்பா செய்து, நாகர்கோவிலில் ஒரு கண்காட்சிக்குப் பஸ்ஸில் கொண்டுபோனேன். சித்திரை வெயில். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உருகுகிறது, மெழுகோ நான் பிடியளவுகூடப் போடவில்லை. இறங்கிப் பையைத் தூக்கினால் அடிப்பக்கம் எண்ணெய் சொட்டுகிறது. பக்கத்து இருக்கைப் பெரியம்மாவின் சேலைக் கரை முழுக்க எண்ணெய். “பரவாயில்ல மக்ளே, வாசமாத்தான் இருக்கு” என்றாள். அந்தச் சேலை புதுசு. மேஜை போடாமலே திரும்பிவிட்டேன். அங்கே ஒருவர் லைசென்ஸ் இருக்கிறதா என்றும் கேட்டார். விற்பதற்குச் செய்தால் 1940ஆம் ஆண்டு மருந்து, அழகுசாதனப் பொருள் சட்டப்படி உரிமம் வேண்டும் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. வீட்டுக்கு மட்டும்தான் இப்போது செய்கிறேன், மெழுகைக் கூட்டி.

வடசேரிக்காரி:
எல்லாருக்கும் நன்றி. தக்கலை சொன்ன அளவில் போன ஞாயிறு செய்தேன். முதல் தடவை பிளெண்டரைத் தூக்கிவிட்டேன், நுரைத்துப் போய்விட்டது. இரண்டாவது தடவை வந்தது. விரலில் எடுத்தால் நுனி வளைந்து நிற்கிறது, தடவினால் இழுக்கவில்லை. மூன்று குப்பியாகப் பிரித்து, ஒன்றை அடுப்புக்கு மேலிருக்கும் அலமாரியிலும் ஒன்றைப் பிரிட்ஜிலும் ஒன்றை மேஜைமேலும் வைத்திருக்கிறேன். தினமும் திறந்து பார்க்கிறேன். இன்று ஆறாம் நாள், மூன்றிலும் தண்ணீர் இல்லை. மைனிக்கு இன்னும் கொடுக்கவில்லை. ஒரு மாதம் போகட்டும், அடுப்பு அலமாரிக் குப்பி தாங்குகிறதா என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.