கண் எரியாத மஸ்காராவும் ரிமூவரும் சொல்லுங்களேன்

காஜல் இட்ட அரை மணி நேரத்தில் எனக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும், ஆனாலும் விட மனசில்லை. இமை விளிம்புக்கு உள்ளே இடுவதை நிறுத்தி, மஸ்காராவையும் 3 மாதத்துக்கு ஒருமுறை மாற்ற ஆரம்பித்ததில் பாதித் தொல்லை குறைந்தது. மீதி, கலைக்கும்போதுதான். மஸ்காரா வாட்டர்ப்ரூஃப் என்பதால் எண்ணெய் கலந்த ரிமூவர் இல்லாமல் அசைவதே இல்லை, அதைப் போட்டாலோ கொஞ்ச நேரத்துக்குப் பார்வை புகைமூட்டமாகிவிடுகிறது. மேக்கப் துடைக்கும் திரவமான மைசெல்லார் வாட்டரோ, துடைத்த பிறகு கழுவாவிட்டால் எரிகிறது. பஞ்சால் தேய்த்துத் தேய்த்து நாலு இமை முடி உதிர்ந்ததுதான் மிச்சம்!

வெதுவெதுப்பான தண்ணீரிலேயே குட்டிக் குட்டிக் குழாய்களாகக் கழன்று வருமாமே, அந்த ட்யூபிங் மஸ்காராவை என்னைப் போலக் காண்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் யாராவது பயன்படுத்தியிருக்கிறீர்களா? அப்புறம், வாசனை சேர்க்காத ரிமூவர் பெயர் தெரிந்தாலும் சொல்லுங்கள். லென்ஸைக் கழற்றிவிட்டுத்தான் மேக்கப்பைக் கலைக்கிறேன், அந்த அறிவுரை மட்டும் வேண்டாம்.