ஐவரியா, சாம்பல் ஓடிய ஆஃப் ஒயிட்டா: ஆசாரத்துச் சுவருக்கு எது பொருந்தும்?

தோப்பு வீடு, பொள்ளாச்சி:
வணக்கம். தென்னந்தோப்புக்குள் இருக்கும் எங்கள் பழைய வீட்டின் ஆசாரத்துக்கும் (கூடம்) வடக்கு அறைக்கும் எமல்ஷன் பெயிண்ட் அடிக்க இரண்டு நிறங்களைத் தேர்ந்து வைத்திருக்கிறோம். ஒன்று மஞ்சள் ஓடிய ஐவரி. மற்றது சாம்பல் ஓடிய ஆஃப் ஒயிட். எல்.ஆர்.வி. எண் முறையே 82, 80. தரை சிவப்பு ஆக்சைடு. வடக்கு அறையில் வெளிச்சம் நீலம் பாய்ந்திருக்கும் என்பதால் ஐவரிதான் சரி என்று காணொளிகளில் சொல்கிறார்கள். உங்கள் கருத்து என்ன?

ஈரோட்டுக்காரர்:
எல்.ஆர்.வி. என்பது சுவர் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்பதை 0 முதல் 100 வரை காட்டும் அளவு மட்டுமே. அதில் 2 புள்ளி வேறுபாட்டைக் கண் பொருட்படுத்தாது. வடக்கு அறை பற்றிய அந்த விதி, சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கே சாய்ந்து செல்லும் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் உரியது. பொள்ளாச்சியோ 11 பாகை அட்சரேகைக்குச் சற்றுத் தெற்கே இருப்பதால், சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முற்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. அம்மாதங்களில் காலையிலும் மாலையிலும் வடக்குச் சன்னலில் வெயிலே விழும். நான் அதைவிடத் தரையைத்தான் கவனிப்பேன். சிவப்பு ஆக்சைடில் பட்டு எழும் வெளிச்சம் சுவரின் கீழ்ப்பாதியில் செம்மையை ஏற்றும்போது, ஐவரி பீச் நிறத்துக்குப் போய்விடும். சாம்பல் ஓடியது அடங்கி நிற்கும். ஆசாரத்துக்கு இரண்டாவதே என் தேர்வு.

பெயிண்டிங் கான்ட்ராக்டர், திருப்பூர்:
ஈரோட்டு நண்பர் சொன்னது சரி; ஆனால் தோப்பை விட்டுவிட்டார். சன்னலுக்கு வெளியே மட்டைகள் நெருங்கி நின்றால் பச்சை வெளிச்சம் உள்ளே வரும். அது சாம்பல் சாயலை மங்கலாக்கும், ஐவரியை எலுமிச்சைப் பக்கம் இழுக்கும். ஆகவே 2 அடிக்கு 2 அடி ஹார்டுபோர்டில் பிரைமரும் இரண்டு கோட் எமல்ஷனும் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு சுவரோடு சாய்த்து, காலை, நடுப்பகல், விளக்கு வைத்த நேரம் என மூன்று வேளையும் பாருங்கள். ஈரத்தில் தெரிவது உண்மை நிறமன்று. காயும்போது ஒரு படி ஆழமாகும். பழைய சுவரிலேயே தடவிப் பார்த்தால், சுற்றிலும் உள்ள பழைய நிறம் கண்ணை ஏமாற்றும். விளக்கு என்ன போட்டிருக்கிறீர்கள்?

தோப்பு வீடு, பொள்ளாச்சி:
எல்லாம் 6500 கெல்வின், அதாவது நீலம் ஓடிய வெள்ளை வெளிச்சம் தரும் எல்.இ.டி. டியூப் லைட்.

பெயிண்டிங் கான்ட்ராக்டர், திருப்பூர்:
அந்த விளக்கில் சாம்பல் ஓடியது இரவில் ஆஸ்பத்திரிச் சுவர்போல வெளிறும். ஆசாரத்தில் நீலம் குறைந்த 3000 அல்லது 4000 கெல்வினுக்கு மாறுங்கள். மாற்ற விருப்பமில்லை என்றால் ஐவரியையே அடிப்பது மேல். எதுவானாலும் சீலிங்குக்குப் பளிச்சென்ற தூய வெள்ளை வேண்டாம், அதன் பக்கத்தில் இரண்டு நிறமுமே அழுக்கேறியதாகத் தெரியும்.